அது கடன் இல்லை
“2020-ல் அமெரிக்க அரசு கொடுத்த 1,200 டாலர் கொரோனா நிவாரணம் வரி கட்டியவர்களுக்கு மட்டும்தான், அதையும் அடுத்த வருட வரி ரீஃபண்டில் பிடித்துக்கொண்டார்கள்” என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே தவறு. வருமானமே இல்லாதவர்களுக்கும் தகுதி இருந்தது. சோஷியல் செக்யூரிட்டி என்ற அரசு பென்ஷன் வாங்கியவர்களில் பலருக்கு வருமான வரி ரிட்டர்ன் போடாமலே வந்து சேர்ந்தது. குறைத்தது மேல்மட்டத்தில்தான்: தனிநபருக்கு ஆண்டு வருமானம் 75,000 டாலரைத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொரு 100 டாலருக்கும் 5 டாலர் வெட்டு. குழந்தை இல்லாதவருக்கு 99,000-த்தில் சைபர்.

அப்புறம், ரீஃபண்ட் விஷயம். அதில் பிடிக்கவில்லை. அந்த 1,200 டாலர் 2020-க்கான வரிச்சலுகையை முன்கூட்டியே கொடுத்தது. வருமானமாகவும் சேராது. பழைய ரிட்டர்னை வைத்துக் கணக்குப் போட்டதால் சிலருக்குக் கூடுதலாக வந்தது. அதைக்கூடத் திருப்பிக் கேட்கவில்லை. குறைவாக வந்தவர்கள் 2020 ரிட்டர்னில் மீதியைக் கேட்டு வாங்க முடிந்தது. இந்தக் குழப்பம் உங்களுக்கு மட்டுமில்லை, சரியா?