சீலோவாம் கோபுரமும் தேவ பராமரிப்பும்
பேரிடர்களைக் கடவுளின் தண்டனையாகவே காண வேண்டும் என்று கட்டுரையாளர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவர் அப்படிக் கூறுவது, கடவுள் உலகைக் காத்து வழிநடத்துகிறார் என்னும் தேவ பராமரிப்புக் கோட்பாட்டை மிகவும் குறுக்கிவிடுகிறது. எருசலேமின் சீலோவாம் பகுதியிலிருந்த கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டதைக் குறிப்பிட்ட இயேசு, அவர்கள் எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் அல்லர் என்று லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் தெளிவாகவே சொல்கிறார் (உடனேயே கேட்போரை மனந்திரும்ப அழைக்கிறார் என்பதையும் மறைப்பதற்கில்லை). ஆதியாகமத்தில் வரும் யோசேப்பின் வரலாற்றிலும், கடவுள் அனைத்தையும் நன்மையாக முடியச் செய்தார் என்பதால், யோசேப்பை அடிமையாக விற்ற அவருடைய சகோதரர்களின் குற்றம் இல்லாமல் போய்விடவில்லை. 1755 நவம்பர் 1 அன்று, சகல பரிசுத்தவான்களின் திருநாளில், போர்ச்சுகலின் தலைநகரான லிஸ்பனை நிலநடுக்கம் தாக்கியபோது இறந்தவர்களுள் ஆலயங்களில் வழிபட்டுக்கொண்டிருந்தோர் பலர். அதையும் தண்டனை என்று போதித்தவர்கள் அக்காலத்தில் இருந்தார்கள். கட்டுரையாளர் அவர்களோடு உடன்படுகிறாரா என்பதைத் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.