ஒரே மொத்த மதிப்பெண் எடுக்காதீர்கள்

பெண்கள் மீதான பாகுபாட்டு மனப்பான்மையை அளக்கும் இருமுகப் பாலினப் பாகுபாட்டு அளவுகோலில் (Ambivalent Sexism Inventory) உள்ள 22 கூற்றுகளுக்கான பதில்களையும் கூட்டி ஒரே எண்ணாக்கலாம் என்கிறது ஒரு கட்டுரை. தயவுசெய்து வேண்டாம். உளவியலாளர்கள் பீட்டர் கிளிக்கும் சூசன் ஃபிஸ்க்கும் 1996-இல் வெளியிட்ட அந்த அளவுகோலில் 11 கூற்றுகள் பெண்கள் மீதான பகைமையை அளக்கின்றன. மற்ற 11, ஆண்தான் பெண்ணைக் காக்க வேண்டும் என்பது போன்ற, பரிவு பூசிய பாகுபாட்டை. இரண்டுக்கும் தனித்தனிச் சராசரி எடுங்கள். கலந்தால், பகைமை குறைந்து பரிவு மிகுந்தவரும் இரண்டிலும் நடுவில் நிற்பவரும் ஒரே எண்ணில் விழுவார்கள்.

பலர் சறுக்கும் இடம் வேறு: மூலத்தில் 3, 6, 7, 13, 18, 21 ஆகியவை எதிர்க்கூற்றுகள், அதாவது ஒப்புக்கொண்டால் பாகுபாடு குறைவு என்று பொருள்; பதில்கள் 0 முதல் 5 வரை என்பதால் இவற்றின் பதிலை 5-இலிருந்து கழிக்க வேண்டும். மொழிபெயர்ப்புகளில் இவை சரிவராததால் நேர்க்கூற்றாக மாற்றிய வடிவமும் புழங்குகிறது. அதற்குப் பழைய கணக்கீட்டைப் போட்டால் அந்த ஆறும் தலைகீழாகிவிடும். கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் ஆல்ஃபா மதிப்பு காரணமின்றிச் சரிந்தால் முதலில் இதைத்தான் பாருங்கள்.