எங்கே பார்த்தாய்?

மூன்று நாளாகப் பொறுத்துப் பார்த்தேன். இன்று காலை நான்காவது ஆளாக ஒருவர் அந்தப் பரிசுக் கட்டுரையை எனக்கே அனுப்பி, "உங்க ஸ்டூடண்டாமே மேடம், வாழ்த்துகள்" என்று பூங்கொத்துப் படமும் வைத்திருந்தார். சரி, எழுதிவிடலாம்.

கதை இங்கே டர்பனில் பாதிப் பேருக்குத் தெரியும். இந்தியத் தொழிலாளர்களின் முதல் கப்பல் இங்கே வந்த நாளான நவம்பர் 16 விழாவுக்கு வைத்த கட்டுரைப் போட்டி, என் மாணவி ஒருத்திக்கு முதல் பரிசு, தில்லையாடி வள்ளியம்மையைப் பற்றிய அவள் கட்டுரை வார இதழில் முழுப்பக்கம். அதன் கீழே நான் போட்டது ஒரே ஒரு வரி: "அந்த வசனத்தை எங்கே பார்த்தீர்கள்?" அதற்கு எனக்குக் கிடைத்த பட்டங்கள்: பொறாமைக்காரி, பிள்ளைகளை வளரவிடாதவள், நேற்று விமானத்தில் வந்து இறங்கி நமக்குச் சரித்திரம் சொல்லித் தருகிறவள். மூன்றாவது பட்டத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் ஒன்று. அந்தப் பெண் மேல் எனக்குக் கோபம் இல்லை. இருபது வயது. நன்றாக எழுதுகிறாள், என் வகுப்பில் மற்றவர்களைவிட நன்றாகவே. அதனால்தான் வயிறு எரிகிறது. எழுதத் தெரிந்த பிள்ளைக்குத் தேடத் தெரியவில்லை. காரணம், தேடச் சொல்லிக்கொடுக்கிற பாடத்தை எங்கள் கல்லூரியில் ஒரு வருடத்திலிருந்து ஒரே ஒரு பிற்பகலாகக் குறைத்துவிட்டார்கள். பிற்பகல் என்றால் இரண்டிலிருந்து நாலரை வரை, நடுவில் தேநீர். நூலகத்தைச் சுற்றிக் காட்டி, கடவுச்சொல் கொடுத்து, கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுவார்கள். ஆராய்ச்சி முடிந்தது.

கட்டுரையில் என்ன இருந்தது? தென்னாப்பிரிக்காவில் காந்தி நடத்திய சத்தியாகிரகத்தில் பிடிபட்டு, தில்லையாடி வள்ளியம்மை சிறையில் இருக்கிறார். வெள்ளைக்கார அதிகாரி, "கொடியே இல்லாத நாட்டுக்கு என்னடி மரியாதை" என்கிறான். அவர் காவி, வெள்ளை, பச்சை நிறம் கொண்ட தன் சேலையைக் கிழித்து வீசி, "இதோ எங்கள் கொடி" என்கிறார். பிறகு சிறையிலேயே உயிர் துறக்கிறார். படிக்கும்போது எனக்கும் புல்லரித்தது. பொய் சொல்லவில்லை.

ஆனால் அவர் சிறையில் இறக்கவில்லை. மூன்று மாதக் கடுங்காவல், உள்ளே காய்ச்சல், வெளியே வந்த சிறிது காலத்தில் 1914 பிப்ரவரி 22 அன்று இறந்தார். பதினாறு வயது. படுக்கையில் கிடந்தவரைக் காந்தி போய்ப் பார்த்திருக்கிறார். ஜெயிலுக்குப் போனதற்கு வருந்துகிறாயா என்று கேட்கிறார். வருத்தமா, இப்போது பிடித்தாலும் மறுபடி போவேன் என்கிறார் அந்தப் பெண். செத்துப்போனால் என்று கேட்டதற்கு, அது ஒரு பொருட்டில்லை, தாய்நாட்டுக்காகச் சாக யாருக்குத்தான் பிடிக்காது என்கிறார். தென்னாப்பிரிக்க சத்தியாகிரகத்தைப் பற்றிக் காந்தி எழுதிய நூலில் இதெல்லாம் இருக்கிறது. கொடியும் சேலையும் அங்கே இல்லை. தவிர, காவி-வெள்ளை-பச்சை என்ற வரிசையைக் காங்கிரஸ் ஏற்றுக்கொண்டதே 1931-ல். இறந்து பதினேழு வருடம் கழித்து வரப்போகிற கொடியை அந்தப் பெண் எந்தக் கடையில் சேலையாக வாங்கினார்? இதைக் கண்டுபிடிக்க முனைவர் பட்டம் வேண்டாம். "எங்கே பார்த்தாய்?" என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும். நடுவர்கள் மூன்று பேர், ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இதில் எனக்கு வலிக்கிற இடம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஊர் பொறையாறு பக்கம். தில்லையாடி அங்கிருந்து கூப்பிடு தூரம். ஏழாம் வகுப்பு ஆண்டு விழாவில் வள்ளியம்மையாக நடித்தவள் நான். அம்மா மூன்று ரவிக்கைத் துணிகளை ஒட்டுப்போட்டு முந்தானை தைத்தாள். இழுத்தால் உடனே கிழிய வேண்டுமே, அதனால் அந்தத் தையலை மட்டும் நூலோட்டாக விட்டிருந்தாள். மேடையில் இழுத்தேன், டர்ரென்று வந்தது, கொட்டகையே கை தட்டியது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அந்தக் கதையை நம்பியே வளர்ந்தவள் நான். டர்பனுக்கு வந்த பிறகு, யாரும் கேட்காமல் நானே போய்த் தேடி, கிடைக்காமல், அதைக் கீழே வைத்தேன். எனக்கு மட்டும் சுலபமாக இருந்ததா?

அதனால் "உங்களுக்கு எங்கள் உணர்வு புரியாது" என்று எழுதிய அண்ணாவுக்கு: நன்றாகவே புரியும்.

எங்கே பார்த்தாய் என்ற கேள்வியை எனக்குச் சொல்லிக்கொடுத்தது எந்தக் கல்லூரியும் இல்லை, ஒரு ரேஷன் கார்டு. நாகப்பட்டினத்தில் ஒரு நாளிதழுக்குப் பகுதி நேரமாகச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த காலம். திருட்டு வழக்கில் ஒருவர் கைது. காவல் நிலையத்துக்குப் போக நேரமில்லை, பக்கத்துப் பத்திரிகை அண்ணன் நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டேன். அவர் கையெழுத்தில் 'கே' எனக்கு 'ஏ'வாகத் தெரிந்தது. அவ்வளவுதான். கைதானவர் கே. செல்வராஜ். அதே தெருவில் ஏ. செல்வராஜ் ஒருவர் இருந்தார், அவர் பெண்ணுக்கு அந்த வாரம் நிச்சயம். காலை பத்து மணிக்கு அலுவலகத்துக்கு வந்து மேஜையில் ரேஷன் கார்டை வைத்து, இனிஷியல் மேல் விரலை வைத்து, "பாருங்கம்மா" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அவர் போன பிறகு உதவி ஆசிரியர் என்னிடம் கேட்டது இரண்டே வார்த்தை: "எங்கே பார்த்தே?" மறுநாள் மூன்றாம் பக்க மூலையில் திருத்தம் போட்டார்கள். நிச்சயம் நடந்ததா என்று விசாரிக்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.

இப்போது "ஏஐ இருக்கிற காலத்தில் ஆவணக் காப்பகம் எதற்கு" என்கிறவர்களிடம் வருகிறேன். போன பருவத்தில் ஒரு மாணவன் ஏஐயிடமே கேட்டு ஒரு கட்டுரை கொண்டுவந்தான். ஆசிரியர் பெயர், நூல் பெயர், பக்க எண் எல்லாம் பளபளவென்று இருந்தது. இரண்டு நாள் தேடினோம், அப்படி ஒரு நூலே இல்லை. "பக்க எண்கூடப் போட்டிருந்ததே மேடம்" என்றான் பரிதாபமாக. அதைப் பயன்படுத்தாதே என்று நான் சொல்லவில்லை. அது சொல்வதைப் போய்ப் பார் என்கிறேன். எங்கே பார்த்தாய் என்றால் ஒரு இடத்தைக் காட்ட வேண்டும். இயந்திரம் சொன்னது, வாட்ஸ்அப்பில் வந்தது, தாத்தா சொன்னார் என்பதெல்லாம் தேட ஆரம்பிக்கிற இடம்தான். அங்கேயே பாயை விரித்துப் படுத்துவிட்டால் எப்படி?

சரி, தேடுவது என்றால் என்ன? இதே வள்ளியம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். என் மாணவி ஒருத்தி இங்குள்ள ஆவணங்களில் "தில்லையாடி" என்று தேடினாள். பூஜ்யம். வராது. வள்ளியம்மை பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில். தில்லையாடி அம்மா வழி ஊர், அந்த அடைமொழி தமிழ்நாடு கொடுத்தது. இங்குள்ள தாள்களில் அவர் முனுசாமி முதலியார் மகள். அதையும் வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பான்: மூன்சாமி, மூட்லியார், வாலியம்மா. எல்லா எழுத்திலும் தேட வேண்டும். அப்புறம், காந்தி 1903-ல் இங்கே தொடங்கிய இந்தியன் ஒப்பீனியன் இருக்கிறது. ஆரம்பத்தில் தமிழும் சேர்த்து நான்கு மொழியில் வந்த பத்திரிகை. அதன் 1914 இதழ்களைப் புரட்ட வேண்டும். சம்பவம் நடந்த அந்த வாரம் எழுதியவன் என்ன சொன்னான், ஐம்பது வருடம் கழித்து எழுதியவன் என்ன சேர்த்தான் என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் பிள்ளைகளுக்குக் கண் திறக்கிறது. இதை இரண்டிலிருந்து நாலரைக்குள் முடிக்க முடியுமா? தேநீர் வேறு.

ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளை, ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்த இந்தியர்களின் கப்பல் பட்டியல்களில் உட்கார வைப்பேன். 1860-ல் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு வந்தது, 1911 வரை மொத்தம் 152,184 பேர் என்று மேடையில் எல்லோரும் ஒப்பிக்கிறார்கள். பட்டியலைத் திறந்தால் ஆள் எண், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு. ஒரு பையன் தன் குடும்ப எண்ணைக் கண்டுபிடித்து, "இடது புருவத்தில் தழும்பு" என்ற வரியை வாசித்துவிட்டு, தன் புருவத்தைத் தடவிக்கொண்டான். தழும்பு பரம்பரையாக வராதுடா தம்பி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிள்ளைகளுக்குப் பணமும் நேரமும் இல்லையே என்று ஒரு ஆசிரியை கேட்டிருந்தார். இது ஒன்றுதான் நியாயமான கேள்வி. பீட்டர்மாரிட்ஸ்பர்க் காப்பகத்துக்குப் போய்வர டாக்சிக் காசு, மதியச் சாப்பாடு, போன் டேட்டா; குவாமாஷுவிலிருந்து இரண்டு டாக்சி மாறி வகுப்புக்கு வருகிற பிள்ளைக்கு அது பெரிய தொகைதான். என்னிடம் முழுப் பதில் இல்லை. கல்லூரி பேருந்து கொடுக்கலாம். விளையாட்டுக் குழுவுக்குக் கொடுக்கிறார்களே.

"பெரிய பத்திரிகைகளே இப்படித்தான்" என்பதையெல்லாம் நான் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 2021-ல் ஒரே பிரசவத்தில் பத்துக் குழந்தை என்று பிரிட்டோரியாவில் முதல் பக்கச் செய்தி வந்தது. உலகமே வாழ்த்தியது. எங்கள் எந்த மருத்துவமனையிலும் அப்படிப் பதிவு இல்லை என்று ஹாட்டெங் மாகாண அரசு சொன்னது. குழந்தைகளை யார் பார்த்தது? யாரும் இல்லை. அன்று விழுந்து விழுந்து சிரித்தவர்கள்தான் இன்று சேலைக் கொடிக்காக என்னோடு சண்டை போடுகிறார்கள்.

பார்த்து எழுதியவர்களும் இதே நாட்டில்தான் இருந்தார்கள். ட்ரம் பத்திரிகையின் ஹென்றி நுமாலோ, சிறையில் கறுப்பர்களை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்க்க, வேண்டுமென்றே பிடிபட்டு ஜோகன்னஸ்பர்க் சிறைக்குள் போனார். உள்ளே கைதிகளை நிர்வாணமாக ஆடவைத்துச் சோதிப்பதைப் பாப் கொசானி பக்கத்துக் கட்டடத்து மொட்டைமாடியிலிருந்து படம் எடுத்தார். 1954-ல் அது அச்சில் வந்தது. நுமாலோவிடம் யாராவது எங்கே பார்த்தாய் என்று கேட்டிருந்தால், உள்ளேயிருந்து என்று சொல்லியிருப்பார். என் பிள்ளைகளை ஜெயிலுக்குப் போகச் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் இருக்கிற காந்தி-லுதூலி ஆவண மையத்துக்குப் போகச் சொல்கிறேன். அங்கே குளிர்சாதனம்கூட உண்டு.

இன்னொன்று. தகவல் பெறும் உரிமைச் சட்டம் இந்த நாட்டில் 2000-லேயே வந்துவிட்டது. மனு போட்டால் முப்பது நாளில் பதில் சொல்ல வேண்டும். என் வகுப்பில் ஒவ்வொருவரும் ஒரு மனு போட்டாக வேண்டும் என்று வைத்திருந்தேன். குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை என்று கேட்டார்கள், தெருவிளக்குக்கு எவ்வளவு செலவு என்று கேட்டார்கள். பாதிப் பேருக்குப் பதிலே வரவில்லை. வராததையும் எழுதலாம் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டார்கள். அந்தப் பயிற்சியும் இந்த வருடம் போயிற்று. பிற்பகலில் எங்கே வைப்பது?

சரி, அந்த மூன்றாவது பட்டம்: நேற்று விமானத்தில் வந்தவள். பதினான்கு வருடம் ஆகிறது அண்ணா. என் மகள் இங்கே பிறந்தவள், சாட்ஸ்வர்த்தில் பள்ளிக்குப் போகிறாள். உங்கள் கொள்ளுப்பாட்டி கப்பலில் வந்தார், நான் விமானத்தில் வந்தேன், ஒத்துக்கொள்கிறேன். உங்கள் கொள்ளுப்பாட்டியின் கல்லறைக் கல்லில் இருக்கிற தமிழை வாசிக்கச் சொல்லிப் போன தீபாவளிக்கு என்னை அழைத்துப்போனது யார்? வாசித்தேனே. பெயருக்குக் கீழே ஊர் பெயர் இருந்தது, அதைக் குறித்துக்கொண்டு போய்க் கப்பல் பட்டியலில் தேடி அவருடைய எண்ணைக் கொண்டுவந்து கொடுத்தேனே. அன்று நீங்கள் கண் கலங்கினீர்கள். அன்று நான் வெளியாள் இல்லையா? அப்போது வேண்டியிருந்த ஆதாரம் இப்போது மட்டும் ஏன் திமிர் ஆனது?

இதற்கு மேல் எழுதினால் அழுதுவிடுவேன். பதிவை நீக்கச் சொல்லி விழாக் குழுவிலிருந்து இருவர் பேசினார்கள், மரியாதையாகத்தான் பேசினார்கள். நீக்கமாட்டேன். அந்தப் பெண்ணுக்கும் தனியாக எழுதியிருக்கிறேன், இதுவரை பதில் இல்லை.

ஒன்று மறந்துவிட்டேன். என் கேள்விக்குக் கீழே வள்ளியம்மையின் படத்தைப் போட்டு "இதோ ஆதாரம்" என்று எழுதி 212 லைக் வாங்கிய தம்பிக்கு: அது 2008-ல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட தபால்தலை.