பெனலோப் குரூஸ் ஜெயித்தது ஸ்பானிஷில்தான்

பெனலோப் குரூஸைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். ஸ்பெயினில் பிறந்தார், ஹாலிவுட்டுக்குப் போனார், ஆஸ்கர் வாங்கினார், உலகப் புகழ் அடைந்தார். இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அவருக்குப் பெயர் வாங்கித் தந்தது ஹாலிவுட்தான் என்று இதைப் படிக்கிறவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

மாட்ரிட்டை ஒட்டிய அல்கொபென்தாஸில் 1974இல் பிறந்தவர். அம்மா பார்லர் நடத்தினார். அங்கே முடி வெட்டிக்கொள்ள வரும் பெண்கள் பேசுவதைக் கவனித்துக்கொண்டே வளர்ந்ததுதான் தன்னுடைய முதல் நடிப்புப் பள்ளி என்று சொல்லியிருக்கிறார். 1992இல் ‘ஹமோன் ஹமோன்’, ‘பெல் எபோக்’ இரண்டும் வந்தன. ‘பெல் எபோக்’ சிறந்த வெளிநாட்டுப் படத்துக்கான ஆஸ்கரை ஜெயித்தது. 1999இல் ஸ்பானிஷ் இயக்குநர் பெத்ரோ அல்மோதோவாரின் ‘ஆல் அபவுட் மை மதர்’ படத்தில் கர்ப்பமான இளம் கன்னியாஸ்திரியாக நடித்தார். அதற்கும் அதே ஆஸ்கர்.

அப்புறம்தான் ஹாலிவுட் முழுமூச்சாக அவரை இழுத்துக்கொண்டது. ஒரு படத்தில் மெக்சிகோ பெண், இன்னொன்றில் கிரேக்கப் பெண். எந்த நாட்டுக்காரியானாலும் சரி, அழகாக இருந்தால் போதும், கதாநாயகன் காதலிக்க ஒருத்தி வேண்டும் என்கிற கணக்கு. 1997இல் இயக்குநர் அமெனாபாரின் ‘ஓப்பன் யுவர் ஐஸ்’ படத்தில் சோஃபியாவாக நடித்தவர், அதன் ஆங்கில மறு ஆக்கமான ‘வெனிலா ஸ்கை’யில் 2001இல் மறுபடியும் அதே சோஃபியா. இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஸ்பானிஷில் அந்தப் பெண்ணுக்கு இருக்கும் குறும்பும் வேகமும் ஆங்கிலத்தில் காணோம். அந்த வருடம் மூன்று ஆங்கிலப் படங்களுக்குச் சேர்த்து, மோசமான நடிகைக்கான ரேஸி (மட்டமான படங்களைக் கிண்டலடிக்கும் விருது) பட்டியலில் அவர் பெயரைப் போட்டார்கள். எனக்கு இன்றைக்கும் கோபம் வரும் விஷயம் இது. எழுதப்படாத பாத்திரத்துக்கு நடிகை என்ன செய்வார்?

பதில் 2006இல் ‘வோல்வெர்’ படத்தில் வந்தது. மகளிடம் தவறாக நடக்க வந்த கணவன் சமையலறையில் செத்துக் கிடக்கிறான். பெனலோப் நடித்த ரைமுண்டா தரையில் பேப்பர் டவலைப் போட்டு ரத்தத்தை ஒற்றுகிறாள், கத்தியைக் கழுவுகிறாள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து ஓட்டல்காரர் கதவைத் தட்டுகிறார். கழுத்தில் ரத்தம் இருக்கிறதே என்று அவர் கேட்க, சட்டென்று ‘பொம்பளைங்க சமாச்சாரம்’ என்று சொல்லிவிடுகிறாள். பயம், சமாளிப்பு, குடும்பத்தைக் காப்பாற்றும் பிடிவாதம் எல்லாம் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. அந்த வேகத்தில் பொய் சொல்லத் தெரிந்த பெண்களை அவர் அம்மாவின் பார்லரில் நிறையவே பார்த்திருப்பார் என்று நான் நினைத்துக்கொள்வேன். கான் திரைப்பட விழாவில் சிறந்த நடிகை விருது அந்தப் படத்தின் ஆறு பெண்களுக்கும் சேர்த்துக் கிடைத்தது. சிறந்த நடிகைக்கான ஆஸ்கருக்கு ஒரு ஸ்பெயின் நடிகை பரிந்துரைக்கப்பட்டதும் அதுதான் முதல் முறை.

ஆஸ்கரை ஜெயித்துத் தந்த ‘விக்கி கிறிஸ்டினா பார்சிலோனா’வையும் இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன். அதில் அவர் நடித்த மரியா எலேனா கோபம் வந்தால் ஸ்பானிஷில் பொரிந்து தள்ளுவாள். ‘இங்கிலீஷில் பேசு’ என்று கூட நடித்த ஹவியர் பார்தெம் கெஞ்சிக்கொண்டே இருப்பார். அவள் கேட்டால்தானே! படம் உயிரோடு இருப்பதே அந்த இடங்களில்தான். 2009 ஆஸ்கர் மேடையிலும் ஸ்பானிஷில் பேசித்தான் நன்றியுரையை முடித்தார்.

இதுவரை அவருக்கு நான்கு ஆஸ்கர் பரிந்துரைகள். சிறந்த நடிகைக்கான இரண்டும் ‘வோல்வெர்’, ‘பேரலல் மதர்ஸ்’ என்ற ஸ்பானிஷ் படங்களுக்கு. இரண்டுமே அல்மோதோவார் படங்கள். ‘விக்கி கிறிஸ்டினா பார்சிலோனா’, ‘நைன்’ ஆகிய ஆங்கிலப் படங்களுக்குக் கிடைத்தவை துணை நடிகைப் பிரிவில். 2021இல் வெனிஸ் திரைப்பட விழாவின் சிறந்த நடிகை விருதும் ‘பேரலல் மதர்ஸ்’ படத்துக்குத்தான்.

அவரை இதுவரை ‘பைரேட்ஸ் ஆஃப் தி கரீபியன்’ கடற்கொள்ளையர் படத்தில் மட்டும் பார்த்திருப்பவர்கள் ‘வோல்வெர்’ படத்தில் தொடங்குங்கள். டப்பிங் வேண்டாம், சப்டைட்டிலோடு ஸ்பானிஷிலேயே பாருங்கள்.