தொட்டி கட்டினால் போதுமா?

தாமிரபரணி ஓடுகிற சீமையில் தண்ணீருக்கு என்ன குறை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ராதாபுரம், திசையன்விளைப் பக்கம் போனால் பல இடங்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். ஆற்றங்கரை ஊர்களில் தண்ணீர் இருக்கிறது. அதைச் சுத்தமாக வைத்துக்கொள்வதில்தான் கோட்டை விடுகிறோம். குழாய் பதிக்கவும் தொட்டி கட்டவும் பணம் வருகிறது. அந்தத் தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவருக்குச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆள் இல்லை. என் ஆதங்கமெல்லாம் இதுதான்.

பக்கத்து ஊர் டேங்க் ஆபரேட்டரிடம், "அண்ணாச்சி, பிளீச்சிங் பவுடர எப்படிப் போடுதீய?" என்று கேட்டேன். "மேல ஏறி ரெண்டு கை அள்ளிப் போட்டுட்டு இறங்கிருவேன். வாடை அடிக்குன்னு தெருவுல சத்தம் போட்டா மறுநா போட மாட்டேன்" என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சொற்பச் சம்பளத்துக்கு அந்த இரும்பு ஏணியில் ஏறி இறங்குகிறவர் அவர்.

இத்தனைக்கும் இது ஒரு காலைப் பொழுதில் கற்றுத்தரக்கூடிய வேலை. நல்ல பவுடரில் மூன்றில் ஒரு பங்கு குளோரின் இருக்கும். மூட்டையைத் திறந்து ஈரத்தில் போட்டுவைத்தால் வீரியம் போய்விடும். தெளிந்த தண்ணீர் என்றால் 1000 லிட்டருக்குச் சுமார் 2.5 கிராம், அதாவது 30,000 லிட்டர் தொட்டிக்கு 75 கிராம். முதலில் வாளியில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் குழைக்க வேண்டும். அப்புறம் வாளி நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் தெளியவிட வேண்டும். சுண்ணாம்பு அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் கழித்து வால்வைத் திறக்க வேண்டும். கடைசித் தெருவின் கடைசிக் குழாயிலும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்க வேண்டும். குப்பியில் தண்ணீர் பிடித்து மருந்துச் சொட்டு விட்டால் மஞ்சளாகும். அட்டையில் உள்ள நிறத்தோடு ஒப்பிட்டால் அளவு தெரிந்துவிடும்.

2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தில், ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர் பரிசோதனை கற்றுத்தர வேண்டும் என்று இருக்கிறது. அருமையான ஏற்பாடு. நடைமுறையில் நான் பார்த்தது, மண்டபத்தில் ஒருநாள் பேச்சு, மதியச் சாப்பாடு, குரூப் போட்டோ. பீடி சுற்றும் ஒரு மதினி சொன்னார்: "பெட்டி தந்தாவ. மருந்து தீந்துட்டு. யார்ட்ட கேக்கதுன்னு தெரியல." அன்றைக்கு பீடி சுற்றாமல் போனதில் அவருக்குக் கூலி நஷ்டம் வேறு. ஏழைப் பெண்களிடம் சேவை என்ற பெயரில் இலவச உழைப்பு கேட்பதை முதலில் நிறுத்துங்கள். பரிசோதனைக்குக் கூலி கொடுங்கள், மருந்து தீருமுன் அனுப்புங்கள். தண்ணீர் சரியில்லை என்று அவர்கள் எழுதிக் கொடுத்தால் மறுநாளே ஆள் வர வேண்டும்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் குடிநீர்த் திட்டங்கள் சேதமாகி ஊர் ஊராகத் தண்ணீருக்கு அலைந்தோம். தெருவுக்கு ஒருவர் இந்த வேலை தெரிந்து இருந்திருந்தால், லாரித் தண்ணீரையாவது சோதித்திருக்கலாம். தளதளவென்று கொதிக்க வைத்து மூடி வையுங்கள் என்று வீடு வீடாகச் சொல்லியிருக்கலாம். கேன் விற்பவர் காட்டும் டிடிஎஸ் மீட்டரை நம்பிப் பலர் வாங்குகிறார்கள். அது கரைந்திருக்கும் உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. இதையும் யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்?

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்றும் இப்போது கிராம சபை கூடுகிறது. அங்கே புதுத் தொட்டி கேட்பதோடு, டேங்க் ஆபரேட்டருக்கும் அந்த ஐந்து பெண்களுக்கும் உங்கள் ஊர்த் தொட்டியடியிலேயே பயிற்சி வேண்டும் என்று தீர்மானம் போடச் சொல்லுங்கள். கடைசிக் குழாயின் குளோரின் அளவை வாராவாரம் பஞ்சாயத்துப் பலகையில் எழுதவும் சொல்லுங்கள்.