முழுக்கச் சுகமானால்தான் வேலையா?

முதுகு ஒப்பரேசனுக்குப் பிறகு லேசான வேலை கேட்டுப் போனவர்களுக்கு இந்தப் பதில் பழக்கமாக இருக்கும்: "முழுசாச் சுகமாக்கிக்கொண்டு வாங்கோ அக்கா."

நான் வேலை செய்த கடையின் மனேச்சர் டொக்டரின் கடிதத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பாரம் தூக்கக்கூடாது, கனநேரம் நிற்கக்கூடாது, மற்ற வேலை செய்யலாம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. "இருந்துகொண்டு பில் போடுறன்" என்றேன். "சனம் கூடினால் ஆர் எழும்பிச் சாமான் எடுக்கிறது?" "அப்ப அரைநாள் வாறன்." "அரைநாளுக்கு எப்படிச் சம்பளம் போடுறது?" "அரைச் சம்பளம் போடுங்கோ." "ஏதும் நடந்தால் ஆர் பொறுப்பு?" இவ்வளவையும் என்னை நிற்கவைத்தே கதைத்தார். பக்கத்தில் கதிரை சும்மா கிடந்தது. அந்தக் கடையின் மா மூட்டைகளை இழுத்து இழுத்துத்தான் இந்த முதுகு போனது. அப்போது பொறுப்பு என்று ஒருவரும் கேட்கவில்லை!

இலங்கையின் 1954ஆம் ஆண்டுக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் வருத்தத்துக்கும் சொந்த அலுவலுக்கும் சேர்த்து வருடத்துக்குத் தருவது 7 நாள் லீவு. வருடாந்த லீவு 14 நாள். அதுவும் முடிந்தால் சம்பளம் இல்லை. தனியார் கடையில் நிற்கிறவருக்கு நோய்க்காலக் கொடுப்பனவு என்று ஒன்று இந்த நாட்டில் கிடையாது. வீட்டில் இருந்தால் பட்டினி, வேலைக்குப் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள்.

ஒஸ்லோவில் இருக்கும் மச்சாளுக்கும் இதே முதுகுதான். நோர்வேயில் முதல் 16 நாளும் முதலாளி சம்பளம் கொடுக்க வேண்டும், பிறகு அரசாங்கம், ஒரு வருடம் வரைக்கும். 20 சதவீதம் மட்டும் சுகமில்லை என்றுகூட டொக்டர் எழுதலாம். மிச்ச நேரம் வேலைக்குப் போகலாம். வருடம் கடந்தும் சரிவராவிட்டால் வேறொரு உதவித்தொகை இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டே எங்காவது பயிற்சியாக வேலை செய்து, உடம்பு எவ்வளவு தாங்கும் என்று பார்க்கலாம். மச்சாள் அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பினாள். சுகம் அப்படித்தானே வரும்? ஒரே இரவில் ஆருக்கு வருகிறது?

இந்தக் கொதிப்போடு மினி பஸ்ஸில் ஏறினால், "உள்ளுக்குப் போங்கோ, உள்ளுக்குப் போங்கோ" என்று கொண்டக்டர் முதுகில் கைவைத்துத் தள்ளுகிறார். தையல் போட்ட இடத்திலேயே! காங்கேசன்துறை வீதியில் ஓடுகிற இவர்களுக்கு, ஆள் மற்றக் காலையும் படியில் வைக்குமட்டும் பொறுக்க ஏலாதா? முன்னுக்குப் போகிற பஸ்ஸை முந்தி எந்த ராச்சியத்தைப் பிடிக்கப் போகிறார்கள்?