பேட்ஜும் பொய், தொழிற்சாலையும் போதாது

ஒரு கார் எந்த நாட்டுக் கார் என்று கேட்டால் பெரும்பாலானோர் முன்பக்க பேட்ஜைப் பார்த்துச் சொல்வார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள், "பேட்ஜ் கிடக்கட்டும், எங்கே அசெம்பிளி ஆச்சு, அதுதான் கணக்கு" என்பார்கள். எனக்கு இரண்டுமே ஒப்பவில்லை. ஒரு காரை எப்படிச் செய்ய வேண்டும் என்று முடிவெடுத்த பொறியாளர்கள் எங்கே உட்கார்ந்து வேலை பார்த்தார்களோ, அந்த நாட்டுக் கார் அது.

2019இல் வந்த டொயோட்டா சுப்ராவையே எடுத்துக்கொள்ளுங்கள். பானெட்டைத் திறந்தால் பல பாகங்களில் பிஎம்டபிள்யூ முத்திரை. எஞ்சின் அவர்களுடையது, அடித்தளம் அவர்களுடையது. உள்ளே உட்கார்ந்தால், திரையை இயக்கும் குமிழ்கூட பிஎம்டபிள்யூ கார்களில் இருப்பதுதான். அசெம்பிளி ஆனதோ ஜப்பானிலும் இல்லை, ஜெர்மனியிலும் இல்லை. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில், மற்ற கம்பெனிகளுக்காகக் கார் செய்து கொடுக்கும் மேக்னாவின் தொழிற்சாலையில். அசெம்பிளிதான் அளவுகோல் என்றால் இதை ஆஸ்திரியக் கார் என்று சொல்ல வேண்டும். யாரும் அப்படிச் சொல்வதில்லையே! தோற்றத்தை வடிவமைத்ததும் ஓட்டும் தன்மையைத் தன் விருப்பப்படி செதுக்கியதும் டொயோட்டாதான், மறுக்கவில்லை. ஆனாலும் என்னைப் பொறுத்தவரை இது பாதிக்கு மேல் ஜெர்மன் கார். சுப்ரா ரசிகர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி.

எதிர்த்தரப்பு வாதம் லேசானதல்ல. பிஎம்டபிள்யூ எக்ஸ்5 1999 முதல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், ஸ்பார்டன்பர்க்கில் தயாராகிறது. பாடி வெல்டிங், பெயின்ட், அசெம்பிளி எல்லாம் அங்கேதான். ஷிப்ட் முடிந்து வெளியே வரும் தொழிலாளியிடம் "நீங்கள் செய்தது ஜெர்மன் கார்" என்று சொன்னால் அவருக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். சம்பளம், வரி, ஏற்றுமதி என்று பார்த்தால் அது அமெரிக்காவின் கார்தான். சுங்கத் துறை அப்படிப் பார்ப்பதும் நியாயம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தத் தொழிற்சாலையை நாளைக்கே மூடினால் அடுத்த எக்ஸ்5 வராமல் போய்விடுமா? சிரமப்பட்டாவது வேறு எங்காவது லைன் போட்டுவிடுவார்கள். மியூனிக்கில் இருக்கும் ஆராய்ச்சி மையத்தை மூடிப் பாருங்கள், அடுத்த மாடலே கிடையாது. ஃபோக்ஸ்வேகன் பீட்டில் காரின் உற்பத்தி ஜெர்மனியில் நின்று பல வருடங்கள் கழித்தும் மெக்சிகோவின் புயேப்லாவில் தொடர்ந்து நடந்தது. கடைசி வண்டி 2003 ஜூலையில் அங்கேதான் லைனிலிருந்து இறங்கியது. மெக்சிகோ மக்கள் 'வோச்சோ' என்று செல்லமாகக் கூப்பிட்டுத் தங்கள் வண்டியாகவே கொண்டாடினார்கள். அந்தப் பாசம் உண்மையானது. ஆனால் எஞ்சின் பின்பக்கம் இருக்க வேண்டும், அதைக் காற்றே குளிர்விக்க வேண்டும் என்ற முடிவெல்லாம் 1930களில் ஜெர்மனியில் எடுத்தது.

அப்படியானால் அசெம்பிளி செய்யும் நாடு காலம் முழுக்க அடுத்தவர் வரைந்ததைப் பூட்டிக்கொண்டே இருக்க வேண்டியதுதானா? இல்லை. இங்கிலாந்தின் சண்டர்லாந்தைப் பாருங்கள். 1986இல் நிஸான் அங்கே புளூபேர்ட் காரைத் தயாரிக்கத் தொடங்கியபோது, பாகங்கள் ஜப்பானிலிருந்து வந்தன, இங்கிலாந்தில் பூட்டினார்கள். ஜப்பானியக் கார்களுக்குத் தன் சந்தையில் சுமார் 3 சதவீதத்துக்கு மேல் இடம் கொடுக்காத பிரான்ஸ், இதையும் ஜப்பான் கணக்கில்தான் சேர்ப்போம் என்று மல்லுக்கு நின்றது. எத்தனை சதவீதம் ஐரோப்பியப் பாகங்கள் இருந்தால் ஐரோப்பியக் கார் என்று பிரிட்டிஷ், பிரெஞ்சு அரசாங்கங்கள் முட்டிக்கொண்டன. பிரான்ஸுக்குத் தன் கம்பெனிகளைக் காப்பாற்றும் அவசரம். இருந்தாலும் அது கேட்ட கேள்வி சரியான கேள்வி.

இருபது வருடம் கழித்து அதே தொழிற்சாலையிலிருந்து நிஸானின் காஷ்காய் என்ற கார் வந்தது. தோற்றத்தை வடிவமைத்தது லண்டனில் இருக்கும் நிஸான் ஸ்டூடியோ. பொறியியல் வேலை இங்கிலாந்திலேயே, பெட்ஃபோர்ட்ஷயரில் இருக்கும் நிஸானின் கிரான்ஃபீல்டு மையத்தில் நடந்தது. 'டூவாலிஸ்' என்ற பெயரில் ஜப்பானுக்கே கப்பலேறிப் போனது! பேட்ஜ் ஜப்பானுடையது, முதலாளி ஜப்பான் கம்பெனி. இருக்கட்டும், நான் அதைத் தயங்காமல் பிரிட்டிஷ் கார் என்பேன். புளூபேர்டை அப்படிச் சொல்ல மாட்டேன். அதே ஊர், அதே தொழிற்சாலை, அதே கம்பெனிதான். நடுவில் மாறியது, காகிதத்தில் முதல் கோடு போடும் இடம்.

அமெரிக்காவில் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி புதுக் கார்களில் ஒரு லேபிள் ஒட்டுகிறார்கள். அமெரிக்க, கனடியப் பாகங்கள் எத்தனை சதவீதம், கடைசி அசெம்பிளி எந்த ஊரில், எஞ்சின் எந்த நாடு, கியர்பாக்ஸ் எந்த நாடு என்று எல்லாம் அதில் இருக்கும். இந்தக் காரை உருவாக்கிய பொறியாளர்கள் எங்கே இருந்தார்கள் என்பதற்கு மட்டும் இடமில்லை. அந்த ஒரு வரியையும் சேர்க்க வேண்டும், எல்லா நாட்டிலும். அப்புறம், கார் கம்பெனிகளுக்கு நிலமும் வரிச்சலுகையும் கொடுத்துக் கூப்பிடும் அரசாங்கங்கள், எத்தனை பேருக்கு வேலை என்பதோடு நிறுத்தாமல், அதில் பொறியாளர்கள் எத்தனை பேர், தலைமையகத்தைக் கேட்காமல் எந்தெந்தப் பாகத்தை மாற்ற அவர்களுக்கு அதிகாரம் உண்டு என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.